நெசவாளியின் பணம் நமது மேசை லாச்சியில் கிடக்கலாகாது

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வர்த்தக சங்க நிர்வாகிகளுக்கும் புடவைக்கடை உரிமையாளர்களுக்கும்,

பெருமதிப்பிற்குரியீர்,

சங்க ஆண்டு விழாக்களில் நாம் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்தி நன்றி சொல்லிக்கொள்கிறோம். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் நம்மை வியாபாரிகளாக்கியவர்களில் பலர் அந்த மண்டபத்துக்குள் வருவதே இல்லை. அவர்களுக்குரிய நன்றியை நமது கணக்குக் கொப்பியில் காட்ட வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கியபோது, கரையோரம் இருந்த எங்கள் வீட்டோடு கடைச் சரக்கும் போயிற்று. நெசவூரான மருதமுனையிலும் எத்தனையோ குடும்பங்கள் உறவுகளையும் வீடுகளையும் தறிகளையும் பறிகொடுத்திருந்தன. அப்படி இழந்தவர்களுள் ஒருவரான நாங்கள் நானா (அண்ணன்) என்று அழைக்கும் ஒரு நெசவாளி, தறியை மறுபடி கட்டி நெய்த முதல் இருபது சாரங்களை (கைலிகளை), கஞ்சி மணம் மாறாமல் எனது கையில் தந்து, "வித்துப்போட்டுத் தாங்க தம்பி" என்றார். கையெழுத்தும் கேட்கவில்லை, பிணையும் கேட்கவில்லை. களுவாஞ்சிக்குடியில் இன்று எனக்கு ஒரு கடை இருக்கிறதென்றால், அது அந்த இருபது சாரங்களில் நிற்கிறது.

அவருக்கு நான் செய்ததையும் சொல்லியாக வேண்டும். 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்து, வெளிநாட்டிலிருந்து வரும் நூலும் சாயமும் கைக்கெட்டாத விலைக்கு ஏறியபோதும், ஏற்கெனவே பேசிய விலைக்கே அவர் சரக்குத் தந்தார். மறு ஆண்டு நான் கடை முகப்புக்குக் கண்ணாடி போடத் தொடங்கி, அவருடைய பணத்தைத் தள்ளிப்போட்டேன். மூன்றாம் முறை பஸ் ஏறி வந்தவர், நான்காய் மடித்த பில்லைப் பிடித்தபடி வாங்கில் அமர்ந்திருந்தார். நகக்கண்களில் நீலச் சாயம் ஏறியிருந்தது. நான் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே இருந்தேன். "பிறகு வாறன் தம்பி" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். அன்றிரவு லாச்சியைத் திறந்தபோது, அவருக்குக் கொடுக்கப் போதுமான பணம், கண்ணாடிக்கென்று எடுத்துவைத்த பணம், அதற்குள் இருந்தது.

நெசவாளி நூலையும் சாயத்தையும் கைக்காசுக்கு வாங்கி, துணியை நமக்குக் கடனுக்குத் தருகிறார். அந்தப் பணம் திரும்பாவிட்டால் தறியில் பூட்டும் அடுத்த பாவுக்கு நூல் இல்லை. தறி நிற்கும், நூலைத் தாரில் சுற்றும் பெண்ணுக்கும் அந்தக் கிழமை கூலி இல்லை. இரண்டு மாதம் பிந்திய திகதியிட்ட காசோலையை நாம் நீட்டும்போது, நமது வியாபாரத்துக்கு வட்டியில்லாமல் முதல் போட்டவர் அவரே. வங்கித் தவணை ஒரு நாள் பிந்தினால் நாம் பதறுகிறோம், ஏனென்றால் வங்கி கேட்கும். நெசவாளி வாய்விட்டுக் கேட்பதில்லை, அதனால் அவரைக் காக்க வைக்கிறோம். வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து தயிர்ச்சட்டி கொண்டுவருபவர்களுக்கும் இதுவே நடக்கிறது.

நன்றி என்பதற்காகப் பழுதான துணியை வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை அந்த நானாவின் சாரங்களில் சாயம் விட்டபோது, முகத்துக்கு நேரே சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவர் வேறு நெய்து தந்தார். குறையை மறைத்து, பிறகு சத்தமில்லாமல் வேறு ஆளிடம் வாங்கத் தொடங்குவதைத்தான் நான் நன்றிகேடு என்பேன்.

ஆகவே, சிறு உற்பத்தியாளரின் பணம் பதினான்கு நாட்களுக்குள் தீர்க்கப்பட வேண்டும் என்ற தீர்மானத்தை அடுத்த பொதுக்கூட்டத்தில் எடுக்குமாறு வேண்டுகிறேன். மருதமுனைக் கணக்குகளை நான் இப்போது வியாழக்கிழமைகளில், ஜும்ஆவுக்கு முந்திய நாளே, காசாகத் தீர்த்து வருகிறேன். நானாவை இனி பஸ் ஏற விடுவதில்லை. பணத்தோடு நானே போகிறேன்.

இப்படிக்கு,
களுவாஞ்சிக்குடிப் புடவைக்கடைக்காரர் ஒருவர்