வகுப்புக்கு ஒரு மண்தொட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம் வந்தால் பள்ளிகளில் ஓவியப் போட்டியும் உறுதிமொழியும் தவறாமல் நடக்கின்றன. ‘மக்கும் குப்பை, மக்காத குப்பை’ என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட ஒப்பிக்கிறது. ஆனால் ஒரு வாழைப்பழத் தோல் மக்கி மண்ணாவதை அந்தப் பிள்ளை கண்ணால் பார்த்ததில்லை. பார்க்க வைக்க வகுப்புக்கு ஒரு மண்தொட்டி போதும்.

ஒரு குடம் தண்ணீர் கொள்ளும் தொட்டி. பக்கவாட்டில் பென்சில் நுழையும் அளவுக்குப் பத்துப் பன்னிரண்டு துளைகள், அடியில் இரண்டு. மூன்று செங்கல் மேல் நிழலில் வைத்து, அடியில் நான்கு விரல் உயரத்துக்குத் தேங்காய் நார் பரப்ப வேண்டும். சத்துணவுக் கூடத்தில் மிஞ்சும் காய்த்தோல் ஒரு பங்கு என்றால் நொறுக்கிய சருகு இரண்டு பங்கு. தொடக்கத்தில் மட்டும் ஒரு டம்ளர் புளித்த மோர். மூன்று நாளுக்கு ஒருமுறை குச்சியால் கிளறிவிட்டு மூடி வைத்தால், தொட்டி நிறைந்த 45 முதல் 60 நாளில் உரம் தயார்.

பதம் பார்க்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விட வேண்டும். ஒரு பிடி அள்ளிப் பிழியட்டும். உள்ளங்கை ஈரமாகி, சொட்டு விழாமல் இருந்தால் பதம் சரி. தண்ணீர் வடிந்தால் உள்ளே காற்றில்லை என்று பொருள். நாற்றமெடுத்துப் புழு நெளியும். சருகு சேர்த்துக் கிளற வேண்டும். எறும்பு ஏறினால் காய்ந்துவிட்டது. தண்ணீர் தெளித்தால் போதும். இந்த முயற்சி பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம், மிஞ்சிய சாம்பார் சாதத்தை அப்படியே கொட்டுவதுதான். பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கைகழுவுவது கட்டாயம். உடைந்த கண்ணாடி, பிளேடு, பேட்டரி எதையும் அவர்கள் தொடக் கூடாது.

மக்காததையும் இதே போலக் காட்டலாம். ஒரு பேப்பர் கப்பை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் விரலால் தேய்க்கச் சொல்லுங்கள். காகிதம் கூழாக உரிந்து, வெங்காயச் சருகு போல ஒரு பிளாஸ்டிக் தோல் கையில் மிஞ்சும். 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்ட பொருட்களில் இந்தக் கப்பும் உண்டு. எதற்காகத் தடை என்று பிறகு தனியாக விளக்க வேண்டியதில்லை.

பள்ளிக்கு வெளியே இருப்பவர்களிடம் இரண்டு வேண்டுகோள். பிள்ளைகள் பிரித்துப் போட்ட இரண்டு கூடைகளையும் அவர்கள் கண்ணெதிரே ஒரே வண்டியில் கொட்டினால், ஒரு வருடப் பாடம் அந்த ஒரு நிமிடத்தில் வீணாகிறது. உள்ளாட்சி அமைப்புகள் தனித்தனியாக எடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அடுத்தது, மைதானத்தில் சருகைக் கூட்டிக் கொளுத்துவதை நிறுத்த வேண்டும். மாசி, பங்குனியில் உதிரும் வேப்பிலையையும் புங்கிலையையும் சாக்கில் கட்டி மழை படாமல் வைத்தால், ஜூனில் பள்ளி திறக்கும்போது தொட்டிக்குச் சருகு தேடி அலைய வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
கும்பகோணம்