ஆய்வுக்கு முந்தின நாளே எனக்கு போன் வந்துருதுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க,

தனியார் ஆஸ்பத்திரிகள்ல அதிகாரிங்க ஆய்வுன்னு உங்க பேப்பர்ல செய்தி போட்டிருந்தீங்க, ரிசப்ஷன்ல நின்னு ஃபைல் பொரட்டற போட்டோவோட. நான் பெருந்துறைங்க, ஆட்டோகிளேவ் மெக்கானிக். ஆபரேஷன் சாமானையெல்லாம் நீராவில போட்டு கிருமி சாகடிக்கற மிஷினுங்க அது, பதினெட்டு வருசமா அதைய ரிப்பேர் பாக்கறது தான் நம்ம சோலி. காங்கேயம், தாராபுரம், கோபி, அந்தியூர்னு பத்து பெட்டு பாஞ்சு பெட்டு வெச்சிருக்கற சின்ன ஆஸ்பத்திரிக தான் என்ற கஸ்டமருங்க. எங்க எப்ப ஆய்வுன்னு எனக்கு மொதல்லயே தெரிஞ்சுரும், ஏன்னா முந்தின நாள் பொழுதோட போன் வந்துரும், "அண்ணா நாளைக்கு செக்கிங் வர்றாங்களாம், மிஷினை கொஞ்சம் வந்து பாத்துட்டு போயிருங்க"ன்னு. அதுக்கு முன்னால ஆறு மாசம் ஒரு தாக்கலும் இருக்காதுங்க.

அப்படி ஒரு எடத்துக்கு போனப்ப நடந்தது. மிஷினை ஆஃப் பண்ணி ராத்திரி பூரா ஆறி கெடக்குது, பிரஷர் முள்ளு மட்டும் 15-ல நிக்குதுங்க! ஆறின மிஷின்ல ஏது பிரஷர்? நம்ம பக்கத்து சப்பத்தண்ணி தான் தெரியுமே, போர் தண்ணிய அப்படியே ஊத்தி ஊத்தி உப்பு படிஞ்சு கேஜுக்கு போற குழாயே அடைச்சு போச்சு, நீராவி கசியாம கதவுல வெக்கற ரப்பர் கேஸ்கட் வேற கிழிஞ்சு ஒரு துண்டு துணிய வெச்சு இறுக்கியிருந்தாங்க. சிஸ்டர் பாப்பாவ கேட்டா "அது எப்பவும் அப்படித்தான்ணா காட்டும்"ங்குது. அந்த முள்ளைய பாத்துட்டு எத்தன ஆபரேஷன் நடந்துச்சோ சாமிக்கு தான் வெளிச்சம். அடுத்த நாள் அதிகாரிங்க வந்தப்ப பில்லுக்காக நானும் அங்கயே தான் உக்காந்திருந்தேன், பதிவு சர்டிபிகேட், தீயணைப்பு பேப்பர், மஞ்ச, செவப்பு, வெள்ள, நீலம்னு குப்பை டப்பா எல்லாம் சரியா இருக்குதான்னு பாத்தாங்க, டீ குடிச்சாங்க, போயிட்டாங்க. மிஷின் ரூம் கதவை தொறக்கவே இல்லைங்க.

மிஷின்ல 15 பவுண்டு பிரஷர், 121 டிகிரி சூடு, துணில சுத்துன கட்டுக்கு அரை மணி நேரமாச்சும் நிக்கோணும். உள்ள இருக்கற காத்து மொதல்ல முழுசா வெளிய போகலைன்னா முள்ளு 15 காட்டும், சூடு மட்டும் 121-க்கு வந்திருக்காது. துணி சாமானையெல்லாம் போட்டு உள்ள வெக்கற டிரம்முல பக்கத்து ஓட்டைய தொறந்து வெக்க மறந்துட்டா நீராவி துணிக்குள்ளயே போகாது, நான் எத்தனையோ தடவ பாத்திருக்கறேன். மேல ஒட்டற டேப்புல கோடு கருப்பாயிருச்சுல்லன்னு காட்டுவாங்க, அது சூடு பட்டுதுன்னு தான் சொல்லுமே தவிர கிருமி செத்துதுன்னு சொல்லாதுங்க. அதுக்குன்னே சின்ன குப்பி ஒன்னு இருக்குது, லேசுல சாகாத கிருமிய உள்ள வெச்சு வரும், கட்டோட வேக வெச்சு எடுத்து கதகதப்புல ஒரு நாள் ரெண்டு நாள் வெச்சு பாத்தா, ஊதா கலரு மாறாம இருந்தா மிஷின் பாஸு, மஞ்சளாச்சுன்னா கிருமி உசுரோட இருக்குதுன்னு அர்த்தம். வாரம் ஒருக்கா வெக்கோணும், ஒரு வேள டிரெஸ்ஸிங்குக்கு வாங்கற காசு கூட ஆகாதுங்க. என்ற கஸ்டமருங்கள்ல வெக்கறவங்களை ஒரு கை வெரல்ல எண்ணிரலாம்.

எனக்கு இதுல ஒரு வெசனம் உண்டுங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கு போற என்ற கொழுந்தியாளுக்கு பித்தப்பை கல்லுன்னு வயித்துல சின்ன சின்ன ஓட்டை போட்டு லேப்ராஸ்கோப்பில எடுத்தாங்க, ஒரு தனியார் ஆஸ்பத்திரி தான். மூணாம் நாள் நடந்து ஊட்டுக்கு வந்துட்டா. ஒரு மாசம் கழிச்சு தொப்புள் பக்கத்து ஓட்டை செவந்து நீர் கோத்து ஒடைஞ்சுது, ஆற மாட்டேங்குது. அங்க கேட்டா உங்க ஒடம்பு வாகு அப்படின்னுட்டாங்க. கோயமுத்தூர்ல வேற டாக்டர் சோதிச்சு பாத்து தண்ணில இருக்கற கிருமிம்மா இது, டிபி கிருமிக்கு பங்காளின்னு சொல்லி ஆறு மாசம் மாத்திரை குடுத்தாரு. சூடு தாங்காத லேப்ராஸ்கோப்பி சாமானை கெமிக்கல்ல ஊற வெக்கறது வழக்கம், எல்லா கிருமியும் சாகோணும்னா குளூட்டரால்டிஹைடுல 10 மணி நேரம் ஊறோணும், ஆனா அடுத்த கேஸ் காத்துட்டு இருக்கறப்ப யாருங்க 10 மணி நேரம் விடுவாங்க, 20 நிமிசம் முக்கி எடுத்து கொழா தண்ணில அலசுனா அந்த தண்ணிக்குள்ள இருக்கறது தானே வயித்துக்குள்ள போகும். அவளுக்கு அப்படித்தான் ஆச்சான்னு சத்தியம் பண்ண என்னால முடியாது, பாக்க நோட்டு எதுவும் அங்க இல்லையே.

2023-ல வாணியம்பாடில ஒரு பல் கிளினிக்குல என்னாச்சுன்னு ஆராய்ச்சிக்காரங்க எழுதியிருக்கறாங்க. சலைன் பாட்டில சுத்தம் பண்ணாத கருவில தொறந்து, அரைகுறையா மூடி வெச்சு, அதையவே அடுத்தடுத்த ஆளுக்கு ஊத்தியிருக்கறாங்க. 10 பேருக்கு மூளைல தொற்று, 8 பேரு செத்து போயிட்டாங்க. பாட்டில் மூடிங்க, அவ்வளவு தான். 2008-ல விழுப்புரம் பக்கத்து கண் முகாம்ல சேந்து ஆபரேஷன் பண்ணிக்கிட்ட 66 பேருக்கு பார்வை போனதையும் நாம மறந்துட்டோம்.

தனியார் ஆஸ்பத்திரிகளை ஒழுங்குபடுத்தற தமிழ்நாட்டு சட்டம் 1997-லயே வந்துருச்சு, அதுக்கு விதிமுறை எழுத 2018 ஆச்சுங்க, அந்த வேகத்தை பத்தி நான் என்னத்த சொல்ல. ஆஸ்பத்திரி தரத்தை சோதிச்சு குடுக்கற என்ஏபிஎச் முத்திரை வாங்குன பெரிய ஆஸ்பத்திரிகள்ல இதெல்லாம் நோட்டு போட்டு எழுதி வெக்கறாங்க, பாத்திருக்கறேன், ஆனா அந்த முத்திரை விருப்பப்பட்டவங்க வாங்கறது தானே. ஆய்வுக்கு வர்ற அதிகாரிங்களை நான் கேக்கறது, சொல்லாம வாங்க, வந்தா மொதல்ல மிஷின் ரூமுக்கு போங்க, குப்பி டெஸ்ட் நோட்டை கேளுங்க, கூடவே ஒரு குப்பிய நீங்களே கொண்டு வந்து உள்ள வெச்சு எடுத்துட்டு போங்க. கலரு என்ன வந்துதுன்னு ரிசப்ஷன்ல ஃபீஸ் போர்டுக்கு பக்கத்துலயே தேதி போட்டு ஒட்ட சொல்லுங்க, எங்க சனங்க படிச்சுக்கும்.

பேரை மட்டும் போட்றாதீங்க ஐயா, பொழப்பு கெட்டுரும். நாளைக்கு வெள்ளனே அந்தியூர் பக்கம் ஒரு கேஸ்கட் மாத்தற வேலை இருக்குதுங்க, அவசரம்னு பொழுதோட தான் கூப்பிட்டாங்க.

இப்படிக்கு,
ஒரு ஆட்டோகிளேவ் மெக்கானிக்,
பெருந்துறை