ஆய்வுக்கு ஐப்பசியில் வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வானூர் வட்டத்தில் ஒரு கிராவல் (சரளைச் செம்மண்) குவாரியில் எட்டு ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தேன். அந்த எட்டு ஆண்டுகளில் ஆய்வுக்கு வந்த ஜீப்புகள் எல்லாமே மாசிக்கும் வைகாசிக்கும் இடையில் வந்தவைதாம். காய்ந்த குழியில் இறங்கி டேப் பிடித்து ஆழம் அளப்பார்கள். பக்கத்துப் பட்டாவுக்கு ஏழரை மீட்டர் விட்டிருக்கிறோமா என்று பார்ப்பார்கள். குழியைச் சுற்றி வெட்டிய கால்வாயையும், அது போய் விழும் வண்டல் குட்டையையும் (தண்ணீரில் வரும் மண் படிந்து நிற்க வெட்டியது) நான் காட்டுவேன். இரண்டிலும் முந்திரிச் சருகுதான் கிடக்கும். குறித்துக்கொண்டு, இளநீர் குடித்துவிட்டுப் புறப்படுவார்கள். மழை பெய்யும்போது ஒருவரும் வந்ததில்லை.

மழையில் என்ன நடந்தது என்பதை மோட்டார் போட்ட கையால் எழுதுகிறேன். 1 ஹெக்டேர் குழியில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் 5 லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்கும். ஐப்பசியில் எங்கள் பக்கம் அது ஒரு பெரிய மழையே அல்ல. தண்ணீர் நின்றால் பொக்லைன் இறங்காது, டிப்பர் சக்கரம் புதையும், லோடு கொண்டுபோக எழுதி வாங்கிய நடைச்சீட்டு வீணாகும். எனவே விடிவதற்குள் இறைத்துவிடச் சொல்வார் முதலாளி. அவர் கெட்டவர் அல்லர். ஒரு நாள் வேலை நின்றால் எவ்வளவு போகும் என்பது அவருக்கு விரல் நுனியில் இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் வண்டல் குட்டை 10 அடிக்கு 10 அடி, ஆழம் 6 அடி. கொள்வது 17,000 லிட்டர். ஒரே நாளில் 5 லட்சம் லிட்டரை அதன் வழியாக வெளியேற்றினால் குட்டை ஏறத்தாழ 30 தடவை நிரம்பி வழிய வேண்டும். அதாவது, உள்ளே வரும் தண்ணீர் 50 நிமிடம்கூட அங்கே தங்காது. ஒருமுறை அந்தத் தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் கொட்டகையில் வைத்துப் பார்த்தேன். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் படிந்துவிட்டது. மறுநாள் காலையிலும் மேல் தண்ணீர் டீ நிறத்திலேயே நின்றது. மூன்றாம் நாள்தான் மேலே ஒரு விரற்கடை தெளிந்தது. செம்மண்ணில் உள்ள களித்துகள் அப்படிப்பட்டது. காகிதத்தில் குட்டை இருந்தது, தரையிலும் இருந்தது, ஆனால் மணலைத் தவிர எதையும் அது பிடிக்கவில்லை.

பிடிபடாத களி ஓடையில் இறங்கி எங்கள் ஏரிக்கு வருகிறது. ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகக் கழுவெளி என்ற சதுப்புநிலத்துக்குப் போகிறது. 2021-இல் கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. மகிழ்ச்சிதான். ஐந்தாயிரம் ஹெக்டேருக்கு மேல் எல்லை வகுத்திருக்கிறார்கள். ஆனால் மேட்டிலிருந்து இறங்கும் சிவப்புத் தண்ணீர் எல்லைக்கல்லைப் பார்த்து நிற்பதில்லை. கலங்கிய தண்ணீரில் வெயில் அடிவரை இறங்காது. அடியில் பாசியும் நீர்ச்செடியும் முளைக்காவிட்டால் மீன்குஞ்சுக்கு ஏது தீனி, நாரைக்கு ஏது மீன்?

வேலையை விட்டுவிட்டு இப்போது ஏரிக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் பயிர் செய்கிறேன். 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததே, அன்று புதுச்சேரியில் பெய்தது 48 சென்டிமீட்டர். அந்தக் கணக்கில் ஒரு ஹெக்டேர் குழிக்கு 48 லட்சம் லிட்டர். மோட்டார் போட ஆளே தேவைப்படவில்லை, குழி தானாக உடைத்துக்கொண்டு வந்தது. அடுத்த கோடையில் வட்டாட்சியர் அனுமதியோடு மதகுக்கு முன்னால் படிந்திருந்த மண்ணை நாலு வண்டி அள்ளி, வண்டல் என்ற நம்பிக்கையில் மல்லாட்டைக் (நிலக்கடலை) கொல்லையில் போட்டேன். ஒரு மழைக்கு அப்பளம்போல் காய்ந்து பிளந்தது. முளை அதைத் தூக்கிக்கொண்டு வர முடியாமல் கிடந்தது. எட்டு ஆண்டுகள் நான் அனுப்பிவைத்த மண் எனக்கே வந்து சேர்ந்திருக்கிறது என்று என் மனைவி சொன்னாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குவாரியை மூடுங்கள் என்று நான் எழுதவில்லை. எங்கள் ஊர்ச் சாலையும் கிராவலில் போட்டதுதான். தோண்டி முடித்த பாதிக் குழியை மழைக்காலம் முழுவதும் தேக்கமாக விட்டுவிட்டாலே போதும். பத்தடிக் குட்டை செய்யாததை அது செய்யும். இறைத்தே ஆகவேண்டும் என்றால் சில நாள் தெளியவிட்டு, மோட்டார் குழாயின் உறிஞ்சு முனையான ஃபுட் வால்வை அடியில் போடாமல் காலி டிரம்மில் கட்டி மிதக்கவிட்டு மேல் தண்ணீரை மட்டும் எடுக்கலாம். கடைசி ஆண்டில் நான் அப்படிச் செய்தேன். செலவு ஒரு டிரம்மும் இரண்டு முழம் கயிறும். பத்து நாளில் வேறு ஆள் மோட்டாருக்கு வந்தான், டிரம் டீசல் பிடிக்கப் போய்விட்டது. நிபந்தனையில் எழுதி, யாராவது நேரில் வந்து பார்த்தால்தான் இது நிலைக்கும்.

அதனால் ஆட்சியர் அவர்களுக்கு உங்கள் நாளிதழ் வழியாக ஒரே ஒரு கோரிக்கை. எங்கள் வட்டத்துக் குவாரிகளுக்கான அடுத்த ஆய்வை ஐப்பசி, கார்த்திகையில் வையுங்கள். மழை பெய்த மறுநாள் காலை, முன்னறிவிப்பு இல்லாமல். டேப் வேண்டாம். குட்டையிலிருந்து தண்ணீர் வெளியேறும் இடத்தில் ஒரு பாட்டில், ஓடைப் பாலத்தடியில் ஒரு பாட்டில் பிடித்தால் போதும். வழி காட்ட நான் வருகிறேன். வருபவர்கள் ஷூ போட்டுக்கொண்டு வர வேண்டாம்; அந்தச் சேறு இழுத்துக்கொள்ளும்.

என் பெயரை வெளியிட வேண்டாம். அந்தக் குவாரியில் என் தம்பி இன்னும் டிப்பர் ஓட்டுகிறான்.

இப்படிக்கு,
முன்னாள் குவாரி மேற்பார்வையாளர்,
வானூர் வட்டம், விழுப்புரம் மாவட்டம்.