அணுக்கருவின் ஆயுளும் அளவீடும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை, நொடிப்பொழுதில் சிதைந்துபோகும் அணுக்கருக்களை ஆராய்வதற்கு அவற்றின் குறுகிய ஆயுளே பெரிய தடை என்று கூறியிருந்தது. பலரும் சொல்வதுதான் இது. ஆயினும் ஆய்வுக்கூட நடைமுறையோடு அவ்வளவாகப் பொருந்துவதில்லை.

நமக்குப் பழக்கமான மெக்னீசியத்தையே எடுத்துக்கொள்ளலாம். (ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் என்று பெயர் வைத்த ஊர் அல்லவா சேலம்!) சேர்வராயன் மலையடிவாரத்தில் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல்லில் இருப்பவை 24, 25, 26 என்னும் நிறையெண்கள் கொண்ட, சிதையாத மெக்னீசிய அணுக்கள். 12 புரோட்டான்களும் 20 நியூட்ரான்களும் கொண்ட மெக்னீசியம்-32 எந்தச் சுரங்கத்திலும் கிடைக்காது. அதன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் நேரம், நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் ஆர்கான்-40 கற்றையைப் பெரிலியத் தகட்டில் மோதவிட்டு, தெறித்த துண்டுகளிலிருந்து இதைக் காந்தங்களின் உதவியால் பிரித்தெடுத்தார்கள். அடுத்த இலக்கை அடையும்போது அதன் வேகம் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அந்த வேகத்தில் ஐம்பது மீட்டரைக் கடக்க ஒரு மைக்ரோநொடிகூட ஆகாது என்பதால், வழியில் சிதைந்துபோவது லட்சத்தில் ஒன்றுகூட இராது. உண்மையான இடர்ப்பாடு, மோதலில் தெறிப்பவற்றுள் பெரும்பகுதி வேறு அணுக்கருக்களாக இருப்பதும், தேடுவது மிகச் சொற்பமாகவே கிடைப்பதும்தான்.

அந்தச் சொற்பத்தைக் கொண்டே 1995-இல், இந்த ஆய்வை நடத்திய மோட்டோபயாஷி குழுவினர் ஒரு முக்கியமான முடிவை வெளியிட்டார்கள். ஈயத் தகட்டின் அணுக்கருக்களை நெருங்கிக் கடக்கும்போது அவற்றின் மின்புலத்தால் கிளர்வுற்ற (கூடுதல் ஆற்றல் பெற்ற) மெக்னீசியம்-32, 885 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமா கதிரை உமிழ்ந்தது. பறந்துகொண்டே உமிழ்வதால் கருவியில் பதிவாகும் ஆற்றல் திசைக்குத் திசை மாறும். சுற்றிலும் வைத்த சோடியம் அயோடைடு உணர்கருவிகளுள் எது, எந்தக் கோணத்தில் பதிவு செய்தது என்று பார்த்துத்தான் அதைத் திருத்த வேண்டும். அதே 20 நியூட்ரான்கள் கொண்ட சிலிக்கான்-34-ஐக் கிளர்வுறச் செய்ய ஏறத்தாழ 3,300 கிலோ எலக்ட்ரான் வோல்ட் தேவை. இவ்வளவு எளிதில் கிளர்வுறுவதும், கிளர்வுறும் வாய்ப்பு மிகுந்திருப்பதும் மெக்னீசியம்-32 கோள வடிவம் கெட்டு நீண்டிருப்பதைக் காட்டின. புரோட்டான்களோ நியூட்ரான்களோ குறிப்பிட்ட சில எண்ணிக்கையில் இருந்தால் அணுக்கரு தனி உறுதி பெறும்; அவையே மாய எண்கள். 20 என்ற மாய எண் அங்கே செல்லுபடியாகவில்லை. 1975-இல் செர்ன் ஆய்வகத்தில் சோடிய ஐசோடோப்புகளின் நிறையை அளந்தபோது எழுந்த ஐயமும் இதனால் உறுதிப்பட்டது. நம் பாடநூல்களோ 2, 8, 20, 28 என்ற வரிசையை எங்கும் மாறாத விதிபோலவே அச்சிட்டு வருகின்றன.

2022-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய அரிய ஐசோடோப்பு ஆய்வகம் 400 கிலோவாட் கற்றைத் திறனை எட்டும்படி வடிவமைக்கப்பட்டதும் கிடைக்கும் எண்ணிக்கையைப் பெருக்கத்தான். கற்றைத் திறன் கூடுவதால் எந்த அணுக்கருவின் ஆயுளும் நீள்வதில்லை. கட்டுரையின் அடுத்த பகுதியில் பிரிகாந்தங்களையும் உணர்கருவிகளையும் ஒரு படத்துடன் விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.