93 வந்தா 93-னே எழுத விடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர் மாணவர் பக்கத்துல அறிவியல் முறைன்னா என்னனு போட்டிருந்தீங்க. கவனிக்கணும், கேள்வி கேக்கணும், ஊகிக்கணும், சோதிச்சு பாக்கணும், முடிவு எழுதணும்னு வரிசையா. எல்லாம் சரிதான், ஆனா நம்ம பசங்க அதையும் அஞ்சு மார்க் கேள்வியா மனப்பாடம் பண்ணி எழுதிட்டு போயிடுவாங்க, அதான் இந்த லெட்டர்.

நான் கொடைக்கானல்ல ஒரு லாட்ஜ் கிச்சன்ல சமைக்கறவன். எங்கண்ணன் பொண்ணு எட்டாவது படிக்குது. ஸ்கூல்ல தண்ணி எத்தன டிகிரில கொதிக்குதுனு பாக்க சொல்லிருக்காங்க. தண்ணி தளதளன்னு கொதிக்குது, தெர்மாமீட்டர் 93 பக்கத்துல போய் நின்னுடுச்சு, அப்புறம் எவ்வளவு நேரம் தீய கூட்டினாலும் ஏறல. பொண்ணு 93-னு எழுதிருக்கு. டீச்சர் அத அடிச்சுட்டு 100-னு எழுத சொல்லிட்டாங்க, ஏன்னா புக்குல அப்படித்தான் இருக்காம்! அந்த 100 கடல் மட்டத்துக்கு சொன்னது, நாம இருக்கறது 2,100 மீட்டர் உயரத்துல. அந்த டீச்சர திட்டறதுக்காக எழுதல, சிலபஸ் முடிக்கற அவசரம் அவங்களுக்கு. ஆனா அறிவியல் ஆரம்பிக்க வேண்டிய இடத்துலயே அத ரப்பர் வெச்சு அழிச்சாச்சு.

ஏன் 93னு கேட்டிருக்கலாம்ல. தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சுன்னு ஒருத்தன் சொல்லுவான், சரி உருகற ஐஸ்ல வெச்சு பாரு, 0 காட்டினா அந்த சந்தேகம் பாதி போச்சு, இன்னொரு தெர்மாமீட்டர் வெச்சு பாத்தா மீதியும் போயிடும். நுனி பாத்திரத்தோட அடில படுதானு பாக்கணும், அளவ கண்ணுக்கு நேரா வெச்சு படிக்கணும். இன்னொருத்தி தண்ணில உப்பு இருக்கும்னு சொல்லுவா, அப்ப உப்பு போட்டு கொதிக்க வை, உப்பு கொதிநிலைய கொஞ்சம் ஏத்துமே தவிர இறக்காது, அதுவும் அடிபட்டு போச்சு. மலை குளிருனு சொன்னா கதவ சாத்திட்டு வெதுவெதுப்பான ரூம்ல வெச்சு பாரு, அப்பவும் அதே 93 தான். ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்தணும், ரெண்ட சேத்து மாத்திட்டா எதால வந்துச்சுன்னு தெரியாது.

கடைசில மிஞ்சறது உயரம். மேல வர வர காத்தழுத்தம் கம்மி, அதனால தண்ணி கம்மி சூட்டுலயே கொதிச்சுடுது, ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். இது உண்மைன்னா மலைக்கு கீழ இருக்கற வத்தலகுண்டுல போய் வெச்சா 99 பக்கம் வரணும்னு முன்னாடியே நோட்டுல எழுதிட்டு, அப்புறம் கீழ இறங்கி அளந்து பாக்கணும். வராட்டி ஊகம் தப்பு, அவ்ளோதான், அதுல அவமானம் ஒண்ணுமில்ல. கீழ இருந்து புதுசா வேலைக்கு வர்ற பசங்க சும்மா சட்டியில பருப்ப போட்டுட்டு எவ்வளவு நேரமாச்சு வேகலியேனு முழிப்பானுங்க. குக்கர்ல வெச்சா வெந்துடும், ஏன்னா ஆவிய உள்ளயே அடைச்சு அழுத்தத்த ஏத்துது, கொதிநிலையும் ஏறிடுது.

இதுக்கெல்லாம் வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம், நம்ம ஊர்லயே சூரிய ஆய்வகம் இருக்கு, 1901-ல இருந்து. (டூரிஸ்ட் பாதி பேரு தூண்பாறைல செல்ஃபி எடுத்துட்டு அந்தப் பக்கம் எட்டிக்கூட பாக்கறதில்ல, அது வேற கதை.) 1908-ல அமெரிக்காவுல ஹேல்ங்கறவர் சூரியனோட கரும்புள்ளில காந்தப்புலம் இருக்குனு கண்டுபிடிச்சாரு, அங்க வாயு சுழல் மாதிரி சுத்துதுன்னு அப்ப ஒரு கருத்து. இங்க இருந்த ஜான் எவர்ஷெட் அப்படி சுத்துதானு 1909 ஜனவரில நிறமாலை படம், அதாவது ஒளிய நிறம் நிறமா பிரிச்சு காட்டற படம், எடுத்து பாத்தாரு. வாயு நம்ம பக்கம் வந்தாலோ விலகி போனாலோ அதுல இருக்கற கருப்புக் கோடுகள் இடம் நகரும். கோடுகள் நகர்ந்திருந்துச்சு, ஆனா சுத்தற மாதிரி இல்ல, புள்ளி நடுவுல இருந்து வெளிப்பக்கமா வாயு பாயற மாதிரி. புள்ளி சூரியனோட நடுவுல இருக்கும்போது அந்த நகர்வு காணல, ஓரத்துக்கு போனா தெரியுது, அப்ப ஓட்டம் மேற்பரப்ப ஒட்டித்தான் நடக்குது. எதிர்பாத்தது வரல, வந்தத அப்படியே ஆய்வக வெளியீட்டுல போட்டாரு. இன்னிக்கும் உலகம் பூரா எவர்ஷெட் விளைவுனுதான் சொல்றாங்க. அவரையும் புக்குல இருக்கறத எழுதுங்க சார்னு யாராச்சும் சொல்லிருந்தா?

உங்க மாணவர் பக்கத்துல ஒரு வாரம் இதையே குடுங்களேன். கொடைக்கானல், ஊட்டி, வத்தலகுண்டு, மேட்டுப்பாளையம், ராமேஸ்வரம் பசங்க ஒரே நாள்ல தண்ணி கொதிக்க வெச்சு நம்பர அனுப்பட்டும், ஊரோட உயரத்த பக்கத்துல போட்டு அச்சடிங்க. ஒத்து வராத நம்பர் வந்தா அதையும் தள்ளாம போடுங்க. கூட ஒரு பெரியவங்க நிக்கணும்னு மறக்காம எழுதிடுங்க, கொதிக்கற தண்ணி பாருங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாயுடுபுரம், கொடைக்கானல்.