சிலென்டோ போகுமுன் படித்துவிடு

அன்புள்ள சீனு,

உன் கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. பதில் போடாதது என் தப்புதான், கௌரியிடமும் சொல்லிவிடு. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததை வாத்தியார் சொன்னார். நிம்மதி.

இத்தாலியில் பாம்பேயி பார்த்துவிட்டு, ஒரே ஒரு பகல் அதற்குத் தெற்கே இருக்கும் சிலென்டோ மலைப்பகுதிக்குப் போய்க் கிராமத்துச் சாப்பாடு சாப்பிட்டுத் திரும்பப் போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம்டா. மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை கடைகள் சாத்திக் கிடக்கும். ராச்சாப்பாடு எட்டு மணிக்குத்தான். சொல்லி வைக்காமல் போனால் உனக்காக அடுப்பு எரியாது. மூன்று ராத்திரியாவது தங்கு. மலைமேல் பொல்லிகா, அதன் கீழே கடலோரம் பியோப்பி. மத்தியதரைக் கடல் உணவை உலகுக்குச் சொன்ன அமெரிக்க விஞ்ஞானி ஆன்சல் கீஸ் பல வருஷம் குடியிருந்தது பியோப்பியில். 2010-ல் அந்த உணவுமுறை யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியபோது இத்தாலியின் சார்பில் நின்ற பகுதியும் சிலென்டோதான்.

நீ தங்கவேண்டிய இடத்துக்குப் பெயர் அக்ரிதூரிஸ்மோ, அதாவது விருந்தாளியைத் தங்கவைக்கும் பண்ணை வீடு. இத்தாலியின் 2006-ஆம் வருஷத்து 96-ஆம் எண் சட்டப்படி அங்கே விவசாயம்தான் பிரதானத் தொழில், விருந்தாளி அதற்கு அடுத்தபடி. பத்துப் பேருக்கு மேற்படாத இடம் என்றால் அந்த நிபந்தனை தானாகவே நிறைவேறியதாகக் கணக்கு. சின்ன இடமாகவே பார், ஆனால் நிஜமாகவே விவசாயம் நடக்கிறதா என்று தெரிய, புக் செய்யும் முன் ஒரு கேள்வி கேள்: "இந்த வாரம் தோட்டத்தில் என்ன வேலை?" உடனே பதில் வந்தால் நல்ல இடம். கார் வேண்டும், சின்னதாக எடு, சந்துகள் அப்படி. சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஆர்டிஓ-வில் இங்கேயே வாங்கிக்கொள்.

கௌரி சைவம் என்பதால் இதைக் கவனி. லகானே எ சேச்சி: முட்டை சேராத மாவுப் பட்டைகளும் கொண்டைக்கடலையும், பூண்டும் எண்ணெயும். தைரியமாகச் சாப்பிடலாம். அக்வசாலே: காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் முக்கி, தக்காளி, ஓரிகானோ, எண்ணெய் போடுவது. நொடிக்கணக்கில்தான் முக்கவேண்டும், ஊறிவிட்டால் கூழ். ஆனால் காய்கறிக் குழம்பு என்று வருவதில் நெத்திலியும் பன்றிக் கொழுப்பும் ஒளிந்திருக்கலாம். "சென்ஸா அச்சூகே, சென்ஸா ஸ்ட்ருத்தோ" (நெத்திலி இல்லாமல், பன்றிக் கொழுப்பு இல்லாமல்) என்று முதல்நாளே சொல்லவேண்டும். பேஸ்தும் என்ற ஊர்ப் பக்கத்து எருமைப்பால் மொஸரெல்லா சீஸும் கன்றுக்குட்டியின் இரைப்பை நொதியால்தான் உறைகிறது. இதைச் சாப்பிடும் முன்பே அவளிடம் சொல்லிவிடு, பிறகு சொன்னால் உன்பாடு!

இனி எண்ணெய். நீ எழுதியதிலேயே எனக்குக் கவலை தந்த வரி இதுதான்: "ஐந்து லிட்டர் டின் வாங்கி வந்து ரெண்டு வருஷம் ஓட்டலாம்." நல்லெண்ணெய்க் கணக்கை இதில் போடாதே. எள் காய்ந்த விதை. ஆலிவ் ஈரமான பழம். பறித்த நிமிஷத்திலிருந்தே அது கெடத் தொடங்குகிறது. அக்டோபர் கடைசி என்றால் செக்கு ஓடும், கட்டாயம் பார். காய்கள் காற்றுப் போகும் பிளாஸ்டிக் கிரேட்டில் வருகின்றனவா, சாக்கில் அடைத்து வருகின்றனவா என்று முதலில் பார். சாக்கில் அடைத்தால் அடிக்காய் சூடேறிப் புளிக்கும். எண்ணெயில் பழைய ஒயின் வாடை வரும், அதை எந்த வடிகட்டலும் எடுக்காது. பறித்து 24 மணி நேரத்துக்குள் அரைத்தாகவேண்டும். அரைத்த விழுதை அரைமணி நேரம் மெதுவாகக் கிண்டுவார்கள், 27 டிகிரிக்குக் கீழே. சூடு ஏறினால் எண்ணெய் கூடுதலாக வரும், மணம் போய்விடும். பிறகு சுழல் இயந்திரம் நீரையும் சக்கையையும் பிரிக்க, குழாயில் கலங்கிய பச்சையாய் இறங்கும். லிட்டருக்கு ஐந்தாறு கிலோ காய்.

அதை ஒரு ஸ்பூன் வெறும் வாயில் குடி. தொண்டையில் மிளகு மாதிரி காறும், இருமல் வரும். அது கெட்டதல்ல, ஓலியோகாந்தால் என்ற பொருள், புது எண்ணெயின் அடையாளம். காறாத எண்ணெயைப் புதுசு என்று விற்றால் வாங்காதே.

வடிகட்டியதாகக் கேள். வடிகட்டாததில் அடியில் வண்டல் தங்கி நாறும். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, ரெண்டு கவரில் கட்டி, செக்-இன் பெட்டியில் வை. கைப்பையில் என்றால் பல ஏர்போர்ட்டுகளில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் சின்ன அடர்நிற பாட்டில்களில் விளிம்புவரை ஊற்றி, அடுப்படியை விட்டுத் தள்ளி இருட்டில் வை. பாதி காலியான டின்னில் காற்று நிற்கும், நம் ஊர்ச் சூட்டில் சீக்கிரமே மெழுகு வாடை அடிக்கும். ஒரு வருஷத்துக்குள் முடித்துவிடு. தோசைக்கல்லில் தடவி வீணாக்காதே, பருப்பு சாதத்தின் மேல் ஊற்று.

டிக்கெட் போட்டதும் தேதி எழுது. அரை லிட்டர் எனக்கு.

அன்புடன்,
மூர்த்தி