ஆண்டறிக்கை 2023–24: பட்டறைப் பாதுகாப்பு ஆய்வு

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் பட்டறைச் சங்கத்தின் நிர்வாகக் குழு மாதம்தோறும் கூடியது. ஆயுத பூஜையும், மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தின உறுதிமொழியும் நல்லபடியாக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் பாதுகாப்பு ஆய்வைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நம் கோவை கணபதிப் பக்கத்தில், பிறர் தரும் ஆர்டருக்கு வேலை செய்து கொடுக்கும் ஜாப் ஆர்டர் பட்டறைகள் பலவற்றில் ஐந்தாறு பேர்தான் வேலை செய்கிறார்கள். 2023–24-இல் நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மின்சாரத்தில் ஓடும் இடமென்றால் பொதுவாக 10 பேர் இருந்தால்தான் பொருந்தியது. அதனால் இன்ஸ்பெக்டர் நம்மைத் தேடி வரவில்லை. நாமே போய்ப் பார்க்காவிட்டால் பார்க்க வேறு ஆளில்லை.

ஏப்ரல் சுற்றில் எங்கள் ஆய்வுக் குழு ஒரு பட்டறையில், தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ்ஸில், கை உள்ளே போகாமல் தடுக்கும் கார்டு (guard) இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தது. ஜூலையில் அதே பிரஸ்ஸில் ஒரு தம்பிக்கு இரண்டு விரல்கள் போய்விட்டன. நாங்கள் கொடுத்த தாள் மேஜை டிராயரிலேயே கிடந்தது. அப்படி ஒரு தாள் இருப்பதே பிரஸ் ஓட்டிய தம்பிக்குத் தெரியாது. எழுதிக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நான் இருந்தது தவறு. அதைப் பொதுக்குழு முன் பதிவு செய்கிறேன்.

அப்புறம் முறையை மாற்றினோம். குறைகளை மெஷின் ஓட்டுபவர் முன்னிலையிலேயே வாசிக்கிறோம். வடமாநிலத் தம்பிகளுக்காக இந்தி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போகிறோம். என்ன குறை, யார் சரிசெய்வது, எந்தத் தேதிக்குள் என்று எழுதி அந்த மெஷினிலேயே ஒட்டுகிறோம். தேதி வந்ததும் மறுபடி போகிறோம். கார்டை ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டால், "மாட்டினா கை ஓடாது சார், பீஸ் ரேட்டு" என்கிறார்கள்; செய்யும் எண்ணிக்கைக்குத்தான் கூலி. டை என்கிற அச்சை மாற்றக் கழற்றியதைத் திரும்ப மாட்டாத இடங்களும் உண்டு. பிரஸ் இறங்கும்போது இரண்டு கையும் வெளியே இருக்க, பெடலுக்குப் பதில் இரண்டு கையாலும் அழுத்தும் இரட்டைப் பட்டன் போடச் சொன்னோம். போட்ட ஓரிடத்தில் ஒரு பட்டனை டேப் ஒட்டி அழுத்தி வைத்திருந்தார்கள்! பீஸ் ரேட்டைப் பேசாமல் கார்டை மட்டும் பேசிப் பயனில்லை என்பது என் கருத்து.

கிரைண்டிங் வீலுக்கும், தீட்டும் பொருளைத் தாங்கும் டூல் ரெஸ்டுக்கும் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. பல இடங்களில் விரலே நுழைந்தது. டிரில்லிங் மெஷினில் வேலை செய்பவருக்கு நல்லெண்ணத்தில் கையுறை வாங்கித் தந்திருந்தார்கள். சுற்றும் டிரில்லில் அது சிக்கினால் கையையே இழுத்துவிடும். கழற்றச் சொன்னோம்.

சில உறுப்பினர்கள் இன்னும் ஆய்வுக் குழுவைத் தங்கள் பட்டறைக்குள் விடவில்லை. ஆய்வை உறுப்பினர் விதியில் சேர்க்கும் தீர்மானம் இன்று வருகிறது, ஆதரியுங்கள். ஆய்வுக் குழுவுக்கு இன்னும் இரண்டு பேர் வேண்டும். சனிக்கிழமை பிற்பகல் வர முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்